விமானியின் தோல்விகள்

தேர்வில் தவறியவர் விமானம் ஓட்டலாமா? கூடவே கூடாது என்றுதான் யாரும் உடனே சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். வகுப்பில் பெர்னௌலி தேற்றம் படித்த பிறகு, விமான விபத்துகளைப் பற்றித் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. அதன் பின் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவில் ஒரு விமானி ஒவ்வொரு உரிமத்துக்கும் தனித்தனியே தேர்வு கொடுக்க வேண்டும். முதலில் வாய்மொழிக் கேள்விகள். பிறகு தேர்வாளரை அருகில் அமர்த்திக்கொண்டு பறத்தல். விமானத்தை நன்கு சாய்த்து வட்டமிடும்போது உயரம் 100 அடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. தவறியவர் மீண்டும் பயிற்சி பெற்று 60 நாட்களுக்குள் வந்தால், பொதுவாகத் தவறிய பகுதியை மட்டும் செய்து காட்டினால் போதும். (நமக்கு இந்தச் சலுகை இல்லையே என்று நண்பர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது!) ஆகவே ஒருமுறை தவறுவது அங்கே பயிற்சியின் ஒரு பகுதியே எனலாம்.

ஆனால் 2009 பிப்ரவரி 12 இரவு நடந்ததையும் பார்க்க வேண்டும். பஃபலோ நகரை நெருங்கிய கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். வேகம் குறைந்தபோது கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும்; தூக்குவிசை சரியும். மூக்கைத் தாழ்த்தினால் காற்று மீண்டும் ஒட்டும். தலைமை விமானியோ தண்டைத் தன் பக்கம் இழுத்தார். கோணம் மேலும் கூடியது.

அவர் வேலையில் சேருமுன் மூன்று உரிமத் தேர்வுகளில் முதல் முறை தவறியவர். விண்ணப்பத்தில் ஒன்றை மட்டுமே எழுதியிருந்தார். அதே சமயம், அத்தகைய நிலையில் தண்டைத் தானே முன்னால் தள்ளும் பொறியை ஒப்புருப் பயிற்சியில் அனுபவித்துப் பார்ப்பது அப்போது கட்டாயமாக இருக்கவில்லை. குற்றம் முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட முடியாது.

2010இல் வந்த சட்டம் விமானிகளின் பயிற்சிப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டச் சொன்னது. அதற்கான விதி வெளிவர 2021 ஆகிவிட்டது. இடையில், 2019 பிப்ரவரி 23 அன்று, ஹூஸ்டன் அருகே அட்லஸ் ஏர் சரக்கு விமானம் விழுந்து மூவர் இறந்தனர். அதன் துணை விமானி முந்தைய நிறுவனங்களில் பயிற்சியில் தவறியதை மறைத்தவர். கோல்கன் விமானி மூக்கை உயர்த்தினார். இவர் திகைப்பில் கீழே தள்ளினார்.

ஆகவே தோல்வியைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. பக்கக் காற்றில் ஒருநாள் தரையிறக்கம் பிசகியவரும், எதிர்பாராத நேரத்தில் ஆண்டுக்கணக்காகத் தடுமாறுபவரும் ஒன்றல்லர். ஒரு தோல்விக்கே கதவைச் சாத்திவிட்டால் விண்ணப்பத்தில் உண்மையை யார் எழுதுவார்?

மறைப்பது எவ்வளவு எளிது என்பது எனக்குத் தெரியும். முதல் பருவத்தில் துணைக் கணிதத் தாளில் நான் தவறினேன். எங்கள் வீட்டில் மதிப்பெண் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. "எல்லாம் பாஸ்தானேப்பா?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். அன்று அவர் தெருவில் நாலு பேருக்கு அதைச் சொல்லி மகிழ்ந்தார். மறுமுறை எழுதித் தேறிவிட்டேன். ஆனாலும் வேலைக்கு ஆள் எடுக்க வருபவர்களில் சிலர் 'எப்போதாவது அரியர் இருந்ததா?' என்று கேட்பதாக மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். இருந்தது என்றே எழுதுவதாக இருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மலர் அச்சாகி வந்ததும், இந்தப் பக்கத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.