எலியை ஊர் கூடிப் பிடிக்க ஒரு வழி

காவிரி டெல்டாவில் எலிக்கு மருந்து வைக்கிறவர் தன் வயலுக்கு மட்டும்தான் வைக்கிறார். காலியான வளையில் பக்கத்து வயல் எலி வந்து குடியேறுகிறது. புரோமோடயலோன் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் சில நாள் தள்ளாடித் திரிந்துதான் சாகும். அந்த எலிதான் கூகைக்கு எளிதாக அகப்படும்; அதைத் தின்ற கூகைக்கும் அந்த நஞ்சு ஏறும். எலி பிடிக்க வந்த பறவையைக் கொன்றுவிட்டு அடுத்த பட்டத்துக்கும் மருந்து வாங்குகிறோம். எலிக்கும் கூகைக்கும் வரப்புக் கணக்கு தெரியாது என்பதால் எலி பிடிப்பது ஒருவர் தனியாகச் செய்கிற வேலை இல்லை.

யாரைச் சேர்ப்பது?

ஊர் முழுவதையும் கூட்ட வேண்டாம். கூட்டினால் பேச்சு எலியிலிருந்து காவிரிக்கும், அங்கிருந்து தேர்தலுக்கும் போய்விடும். ஒரே கிளை வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்காரர்கள் போதும். குத்தகைக்காரரை விட்டுவிடாதீர்கள், வரப்பு வெட்டுவதும் மருந்து வைப்பதும் அவர்தான். நடுவில் தரிசாக ஒரு வயல் கிடந்தால் அது எலிக்குத் தாய்வீடு. உரிமையாளர் வெளியூரில் இருந்தாலும் போனில் சம்மதம் வாங்கிப் புதரை வெட்டிவிடுங்கள்.

நடவுத் தேதி

முதல் கூட்டத்தில் பேசி முடிக்க வேண்டியது நடவுத் தேதியைத்தான். நெல் தூர் கட்டி கதிர் பொதி வைக்கும் பருவத்தில் எலி குட்டி போடுவது வேகமெடுக்கும். ஒருவர் ஜூனிலும் இன்னொருவர் ஜூலைக் கடைசியிலும் நட்டால், பொதிப் பயிர் அதற்கு மாதக்கணக்கில் விட்டுவிடாமல் கிடைக்கும். போட்ட குட்டியும் வளர்ந்து குட்டி போட்டுவிடும். எல்லோரும் இரண்டு வாரத்துக்குள் நட்டு முடித்தால் அதற்கு அவகாசம் இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் கடைமடை வர நாளாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே கிளை வாய்க்காலுக்குள் அந்த வித்தியாசம் பெரிதில்லை. நடவு ஆளையோ இயந்திரத்தையோ சேர்ந்து பேசிப் பிடித்தால் தேதி தானாக நெருங்கி வரும். கூகைக்குப் பெட்டி வைப்பதெல்லாம் இதற்கு அடுத்ததுதான் என்பது என் எண்ணம்.

கோடையில் பிடிப்பது

ஏப்ரல், மே மாதங்களில் எலி குறைவு; வரப்பிலும் மேட்டிலும் ஒதுங்கியிருக்கும். மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்துவிட்டு மறுநாள் காலை சுற்றி வாருங்கள். திறந்திருப்பவற்றில் எலி இருக்கிறது. சில எலிகள் உள்ளிருந்தபடியே வளையின் வாயை மூடிக்கொள்ளும், அதனால் புதிதாகத் தள்ளிய மண்குவியலையும் எண்ணுங்கள். இந்த எண்ணிக்கையை நோட்டில் எழுதி வைத்தால்தான் அடுத்த கோடையில் பலன் தெரியும்.

அந்த வளைகளை வெட்டிப் பிடிக்கலாம், அல்லது தஞ்சாவூர் கிட்டி என்கிற பொறி வைக்கலாம். ஏக்கருக்கு 40 கிட்டி கணக்கு. மாலையில் வைத்து விடியலில் எடுக்க வேண்டும். கிட்டிக்காரருக்கு எலிக்கு இவ்வளவு என்று பேசி, செலவை ஏக்கர் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். வரப்பை ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரத்துக்குச் சுருக்கினால் வளை போட இடமிருக்காது. சண்டை வருவது இங்கேதான். இருபக்கத்தாரும் நின்று ஒரே நாளில் வெட்டுங்கள்.

கூகைக்கு இடம்

கூகை அலறினால் சாவு என்று சொல்லி, சாக்குருவி எனப் பெயரும் வைத்துக் கல்லெறிந்து விரட்டுகிறோம். ஜோர்டானிலும் இதே பயம் இருந்தது. இஸ்ரேலில் ஒரு கூட்டுப் பண்ணையில் 1980களில் கூகைக்குக் கூடுபெட்டி வைக்கத் தொடங்கினார்கள். 2002 முதல் எல்லைக்கு அப்பாலிருக்கும் ஜோர்டான் விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள்.

கோயில் கோபுரம், பழைய அரிசி ஆலை, பாழடைந்த மோட்டார் கொட்டகை என எங்கே கூகை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கோபுர மாடங்களுக்கு வலை அடிக்கப் போகிறார்கள் என்றால் முன்பே போய்ப் பேசுங்கள். ஒதுங்க இடமே இல்லாத பக்கத்தில் பெட்டி வைக்கலாம். தரை இரண்டடிக்கு ஒன்றரை அடி, வாசல் அரை அடி. வாசலுக்குக் கீழே ஒன்றரை அடி ஆழம் வேண்டும். இல்லையென்றால் குஞ்சு வெளியே விழுந்துவிடும். சாயங்கால வெயில் வாசலில் விழாதபடி, கைக்கெட்டாத உயரத்தில் கட்டுங்கள். பெட்டியில் கூகை வந்து சேர ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகலாம்.

நட்டதும் வயலில் பயிரைவிட உயரமாக ஏக்கருக்கு 15 முதல் 20 பறவைத்தாங்கிகளை நடுங்கள். பகலில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும், இரவில் கூகை உட்காரும். கதிர் பால் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள். விட்டால் கிளியும் சில்லையும் வந்து உட்காரும்.

மருந்து

கூட்டு எல்லைக்குள் மருந்து இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லது. கேட்காமல் வைத்தே தீருவேன் என்கிறவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். எந்த நாளில் வைக்கிறார் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். அன்றிலிருந்து பத்து நாள், முறை போட்டுக் காலையிலும் மாலையிலும் வரப்பு சுற்றி, செத்த எலியையும் தள்ளாடும் எலியையும் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். வாய்க்காலில் வீச விடாதீர்கள்.