நோட்டு காலியாக இருந்தால் பிள்ளை படிக்கவில்லையா?

நம்பிக்கை: நான்கு வயதிலேயே எழுத வைத்தால்தான் முதலாம் ஆண்டில் பின்தங்க மாட்டார்கள்.

ஈப்போ வட்டாரப் பாலர் பள்ளி ஆசிரியர்களை இதைவிட வருத்தும் நம்பிக்கை வேறில்லை. பிறக்கும்போது குழந்தையின் மணிக்கட்டுச் சிற்றெலும்புகள் வெறும் குருத்தெலும்பு. அவை ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு முடியப் பல ஆண்டுகள் ஆகும். விரல் தசைகளும் நான்கு வயதில் முழு வலுப்பெற்றிருப்பதில்லை. மாவு பிசைவது, மணி கோப்பது, தாள் கிழித்து ஒட்டுவது எல்லாம் பென்சிலுக்கு முந்திய எழுத்துப் பயிற்சி. 2010இல் நடைமுறைக்கு வந்து 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டமும் விளையாட்டுவழிக் கற்றலை வலியுறுத்தியது. விளையாட வைக்கும் ஆசிரியர் கடமை தவறவில்லை.

கணக்கும் அப்படித்தான். நூறு வரை கடகடவென ஒப்பிக்கும் பிள்ளையிடம் “ஏழு கொட்டை எடுத்துக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். கை நிறைய அள்ளித் தரலாம். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, வெயிலில் காய் வெடித்துச் சிதறும் ரப்பர் கொட்டைகள் நினைவிருக்கும். அவற்றைப் பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வரும்போது, ஓர் எண்ணுக்கு ஒரு பொருள் என்ற அடிப்படை கைவழியே மனத்தில் பதிகிறது. எந்தப் பயிற்சி நூலும் இதை இவ்வளவு நன்றாகச் செய்யாது என்பது என் உறுதியான எண்ணம்.

நம்பிக்கை: வீட்டில் தமிழ் பேசினால் மலாயும் ஆங்கிலமும் வராது.

ஐந்து என்றால் எவ்வளவு என்பதைத் தமிழில் புரிந்துகொண்ட பிள்ளை, மலாயில் அதன் பெயரை மட்டும் கற்றால் போதும். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953இலேயே பரிந்துரைத்தது. பிள்ளையோடு தமிழில் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள்.

நம்பிக்கை: தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தோமே, பாலர் பள்ளி எதற்கு?

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது ஏழு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு. சிறிசுகளை ஆயாவிடம் விட்டுவிட்டு விடியுமுன் பெற்றோர் பால்மரம் சீவப் போனார்கள். தொட்டிலும் பாலும் பாதுகாப்பும் கிடைத்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்கவில்லை. ஆனாலும் லயத்து வாசலில் அண்ணன் அக்காமாரோடு ஆடிய ஆட்டங்கள் அந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்பின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போனபின் அந்த வாசலும் இல்லை. அதனால்தான் இன்று பாலர் பள்ளி கூடுதலாகவே தேவைப்படுகிறது.

நம்பிக்கை: மாண்டிசோரி முறை பணக்காரர்களுக்கானது.

மரியா மாண்டிசோரி 1907இல் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். அவர் முறைப்படி சிந்தாமல் ஊற்றப் பழக விலையுயர்ந்த பெட்டி வேண்டாம். இரண்டு சில்வர் கிண்ணம், கொஞ்சம் பச்சைப் பயறு, பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் போதும்.