மூளையின் இலாஞ்சனம்

செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில் பல்லாண்டு உளி பிடித்துக் கருங்கல் செதுக்கிய சிற்பியின் விரல்களை உற்று நோக்குங்கள். ரேகைகள் தேய்ந்திருக்கும். அத்தகைய கைகளை நியாயவிலைக் கடைக் கருவி அறியாமல் தடுமாறுவதும் உண்டு. தோலில் உள்ள குறி இவ்வளவே. தோலுக்கு உள்ளே, மூளையில், ஆளை அறியும் குறி உண்டோ?

உண்டு என்கிறது 2015இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து எமிலி ஃபின்னும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் மூளையை 268 பகுதிகளாக வகுத்து, எப்பகுதியின் குருதியோட்டம் எப்பகுதியோடு ஒத்து ஏறி இறங்குகிறது என்று காந்தப் படக்கருவியால் கணக்கிட்டனர். அந்த இணைப்புக் கோலம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. 126 பேர் வாளா படுத்திருந்தபோது ஒருநாள் எடுத்த கோலங்களை மறுநாள் எடுத்தவற்றோடு ஒப்பிட்டதில் 117 பேர் சரியாக அறியப்பட்டனர். முன்பின்னாக மாற்றி ஒப்பிட்டபோது 119 பேர். ஏதேனும் வேலையில் மனம் ஈடுபட்டபோது எடுத்த கோலங்களையும் சேர்த்து ஒப்பிட்டால் வெற்றி 54 முதல் 87 விழுக்காடே.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியும் உடன் ஆய்ந்தோரும் வேறு வழி சென்றனர். குரலைக் கொண்டு பேசுபவரை அறியும் கணிதத்தை மூளையின் மின்னலைகளுக்குப் பொருத்தினர். 2021இல் வெளியான அவ்வாய்வில், தலையில் ஒன்பது இடங்களில் பதிந்த அலைகளைக் கொண்டே 30 பேரிடையே 86.4 விழுக்காடும், 920 பேரிடையே 35.9 விழுக்காடும் சரியாக அறிய முடிந்தது. பின்னது குறைவெனத் தோன்றலாம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 920இல் ஒன்றன்றோ பலிக்கும்!

'உயிர்கள் பலவென்று ஜினர் அருளியது மெய்ப்பட்டது' என்று நம்மவருள் சிலர் இதைக் கேட்டு மகிழக்கூடும். அது பொருந்தாது. மூளை புத்கலம், அதன் அமைப்பு நாமகர்மத்தின் விளைவு. உயிரின் இலக்கணம் உபயோகம் எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் கூறும். அறிதலும் காண்டலுமாகிய அவ்விலக்கணம் எறும்பிற்கும் மனிதர்க்கும் பொது. தீர்த்தங்கரர் பிம்பங்கள் பலவும் திருமுகத்தால் வேறுபடா. பீடத்துச் சிம்மத்தைக் கண்டு மகாவீரர் என்றும், காளையைக் கண்டு ஆதிநாதர் என்றும் அறிகிறோம். ஆய்வாளர் கண்ட கோலமும் பீடத்துக் குறி போன்றதே.

ஆயினும் அக்குறி ஒருவருக்கு உரியது. விரல் ரேகை இன்னார் என்று மட்டுமே சொல்லும். யேல் ஆய்விலோ, அதே கோலத்தைக் கொண்டு ஒருவரது பகுத்தறியும் திறனையும் ஓரளவு முன்கூட்ட முடிந்தது. கொடாததைக் கொள்ளுதல் அதத்தாதானம். நிலமும் பொன்னும் மட்டுமே அதில் அடங்கும் என்று எண்ணிவிடலாகாது. மருத்துவர் வழக்கமாக எடுக்கும் படம் பெரும்பாலும் இவ்வகையன்று. ஆய்வுக்கென ஒருவர் இசையும்போதோ, பெயரை நீக்கிவிடுவோம் என்று உறுதி கூறுவர். கோலமே பெயராகிவிட்ட பின் அவ்வுறுதி போதாது. படம் எங்கே வைக்கப்படும், யார் காண்பர், வேண்டாமென்றால் அழிப்பார்களா என்று கேட்டறிந்த பிறகே கையொப்பமிடுக.