பாதியளவுக் குஞ்சு

அன்புள்ள கவின் கண்ணுக்கு,

பெரியப்பன் எழுதுவது. லீவுக்குப் பல்லடம் வந்திருந்தபோது கோழி ஷெட் மூலையில் நின்ற குஞ்சைக் காட்டி, "எல்லாம் ஒரே நாளில் பொரிச்சதுதானே, இது மட்டும் ஏன் பாதியளவு?" என்று கேட்டாய். பஸ்ஸுக்கு நேரமானதால் சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

பொரித்த அன்று பிராய்லர் குஞ்சு 40 கிராம் சுமாருக்கு இருக்கும். ஏழாம் நாள் அதுவே நாலு மடங்கு. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். இந்த வேகம் இனத்தில் வருவது. ஆனால் தின்றதெல்லாம் சதையாகாது கண்ணு. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் செலவு போக மிச்சம்தான் வளர்ச்சி.

முதல் வாரம் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. சூடு கொடுக்கும் புரூடருக்கு அடியில் 32, 33 டிகிரி வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் தொங்கத்தான் செய்கிறது. நான் குஞ்சின் பாதத்தைக் கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். சில்லென்றிருந்தால் தரை குளிர்கிறது என்று அர்த்தம். ஓர் ஐப்பசி இரவு கரண்ட் போனது தெரியாமல் தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. செத்தவை கொஞ்சம்தான். பிழைத்தவற்றுக்குக் கடைசிவரை எடை வரவேயில்லை.

சித்திரையில் தலைகீழ். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். செரிமானமும் சூடு கிளப்பும் என்பதால் அதுவே தீனியைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் உச்சி வெயிலில் தீவனத் தட்டைத் தூக்கிவிட்டு, விடியற்காலைக் குளுமையில் கொடுக்கிறோம். பட்டினி போடுகிறேன் என்று உன் அம்மா திட்டியது இதற்குத்தான்!

தீவனம் என்றால் முக்கியமாக மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். குஞ்சுப் பருவத்தில் புரதம் நூற்றுக்கு 22 போல வேண்டும், பிறகு குறைத்துவிடுவோம். அதிகம் போட்டால் நல்லதுதானே என்பாய். உடம்பு ஏற்காத புரதம் எச்சமாக வெளியே வந்து, தரையில் பரப்பிய ஈரமான தென்னை நார்த்தூளில் கலந்து அம்மோனியாவாகக் கிளம்பும். கண் எரியும், சளி பிடிக்கும், தீனி இறங்காது. "நாத்தமே இல்லையே பெரியப்பா" என்று நின்றபடி சொன்னாயே, அடுத்த முறை குத்தவைத்து மோந்து பார். குஞ்சின் மூக்கு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில்தான் இருக்கிறது.

நீ காட்டிய குஞ்சுக்கு வருகிறேன். அன்று ராத்திரி அதன் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீரோடு தின்ற குஞ்சுக்குக் கூழ்போல் மெத்தென்றிருக்கும். இதற்குக் கல்மாதிரி இருந்தது. எதனாலோ முதல் வாரம் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. மற்றவை வளர வளர தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாயை அவற்றின் உயரத்துக்கு நான் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன், இதற்கு எட்டவில்லை. தீனியைப்போல இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கவேண்டிய ஜீவன்! இப்போது அந்த மூலையில் ஒரு தாழ்ந்த தட்டில் தண்ணீர் வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று குஞ்சுகள் அங்கே வந்து குடிக்கின்றன.

அன்புடன்,
பெரியப்பா