சோழிங்கநல்லூர் போய்ச் சேருமுன் மெயிலைத் திறக்காதீர்கள்

மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைக்காகக் குறுகிப்போன சாலையில் பஸ் நின்று நின்று நகரும்போது, ஆபீஸ் மெயிலைப் போனில் பார்த்துவிட்டால் நேரம் மிச்சம் என்று தோன்றும். மிச்சமாவதில்லை. பஸ்ஸில் திறந்த மெயில் 'படித்தது' ஆகிவிடும்; சீட்டில் உட்கார்ந்தபின் கண்ணில் படாது. பார்த்தே ஆகவேண்டுமென்றால், பதில் போடவேண்டியதை மறுபடி 'படிக்காதது' என்று குறித்துவிடுங்கள். இன்பாக்ஸை அடைப்பது பெரும்பாலும் சிசியில் வருபவைதான். அவுட்லுக் ரூல்ஸில், உங்கள் பெயர் சிசியில் இருக்கும் மெயில் தனி ஃபோல்டருக்குப் போகும்படி செய்யுங்கள். மிஞ்சுபவைதான் உங்கள் பதிலுக்குக் காத்திருப்பவை. "மேனேஜர் சிசியில் போட்டே வேலை சொல்வாரே?" என்றால், அவர் பெயருக்கு அதே ரூலில் விலக்கு கொடுங்கள். மற்றதை மதியம் ஒருமுறை புரட்டினால் போதும்.

அனுப்பியபின் 'ரீகால்' இருக்கிறதே என்று நம்பாதீர்கள். வெளி கம்பெனிக்குப் போன மெயில் அதில் திரும்பாது. பழைய அவுட்லுக்கில், எல்லா மெயிலும் 2 நிமிடம் தாமதித்துப் போகும்படி ரூல் போடுங்கள். விட்டுப்போன அட்டாச்மென்ட் பெரும்பாலும் அனுப்பிய கையோடுதான் ஞாபகம் வரும். ஜிமெயிலில் 'அன்டூ சென்ட்' நேரத்தை 5 நொடியிலிருந்து 30 ஆக்குங்கள். அவசரத்துக்கு இந்தத் தாமதம் ஆகாதே என்பவர்களுக்கு: 2 நிமிடம் பொறுக்காத விஷயத்துக்குப் போன் இருக்கிறது. லேப்டாப்பை மூடுமுன் மட்டும் அவுட்பாக்ஸைப் பாருங்கள். அவுட்லுக்கை மூடிவிட்டால் தாமதத்தில் இருக்கும் மெயில் அங்கேயே தங்கிவிடும்.