டிக்கிக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?



ஆம்னி பஸ்ஸின் வயிற்றுப் பக்கத்தில் இருக்கும் டிக்கியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மழை நாளில் அதிலிருந்து எடுக்கும் பெட்டி சில சமயம் அடியில் நனைந்திருக்கும். "மழைன்னா அப்படித்தாம்ப்பா" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட் இருந்தால் என்ன ஆகும்? பக்கத்தில் கிடக்கும் ஜவுளி பண்டல் ஒரு சின்ன வியாபாரியின் மொத்த முதலாக இருந்தால்? எனவே ஒழுகலைக் கண்டுபிடிப்பதும் அடைப்பதும் ஒரு ஆட்டோமொபைல் மாணவன் கற்க வேண்டிய வேலை. வெளிநாடுகளில் ஓடும் மோட்டார்ஹோம் வண்டிகளின் சாமான் அறைக்கும் இதே முறைதான். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் டிரெயினிங் போனபோது நான் பார்த்ததையும், வகுப்பில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தண்ணீரைத் தள்ளுவது எது?

தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடும் என்று நினைத்தால் பாதி ஒழுகலைத்தான் பிடிக்க முடியும். இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, நுண்துளை ஏற்றம். இரண்டு தகடுகள் 0.5 மி.மீ. இடைவெளியில் ஒட்டினாற்போல இருந்தால், சுத்தமான உலோகத்தில் தண்ணீர் சுமார் 29 மி.மீ. உயரம் தானாகவே ஏறும்.

இரண்டு, காற்று. வண்டி 80 கி.மீ. வேகத்தில் போனால் அது நொடிக்கு 22.2 மீட்டர். காற்றின் அடர்த்தி 1.2 என்று வைத்து, அதில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சுமார் 296 பாஸ்கல் வரும். இது 30 மி.மீ. தண்ணீர்த் தூணுக்குச் சமம். அதாவது காற்று நேராக மோதும் இடத்தில் 3 செ.மீ. உயர விளிம்பைக்கூட தண்ணீர் தாண்டிவிடும்.

மூன்று, டயர் எறியும் தண்ணீர். டயரை விட்டுப் பிரியும் துளி, வண்டியைப் பொறுத்தவரை வண்டியின் வேகத்திலேயே வந்து மோதும். அதே கணக்கில் காற்றுக்குப் பதில் தண்ணீரின் அடர்த்தி 1000 போட்டுப் பாருங்கள். மோதும் கணத்தில் அழுத்தம் ஏறக்குறைய 2.5 பார்! மேலிருந்து விழும் மழையை விட மட்கார்டு பக்கம்தான் பெரிய எதிரி என்பது இந்தக் கணக்கைப் போட்டதும் புரிந்துவிடும்.

கண்டுபிடிக்கும் முறை

ஈரம் இருக்கும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு. உள்ளே நுழைந்த தண்ணீர் ஆங்கிள் மேலேயே வழிந்து போய், தாழ்ந்த மூலையில்தான் முகம் காட்டும். எனவே வரிசையாகச் செய்ய வேண்டும்.

1. முதலில் இது ஒழுகல்தானா என்று பாருங்கள். ஏ.சி. பஸ்ஸில் கேபின் தரை குளிர்ந்து, டிக்கியின் கூரையில் வியர்த்துக் கொட்டும். ஒரு பிளாஸ்டிக் தாளைக் கூரையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓர் இரவு விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் வியர்வை. தாளுக்கும் கூரைக்கும் நடுவில் நனைந்தால் ஒழுகல். ஏ.சி.யின் வடிகுழாய் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. கதவு பீடிங்கைச் சோதிக்க ஒரு துண்டு பேப்பர் போதும். பேப்பரை வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. இப்படி ஒரு சாண் விட்டு ஒரு சாண் சுற்றி வர வேண்டும்.

3. இருட்டில் உள்ளே ஒரு விளக்கை வைத்துக் கதவை மூடி, வெளியிலிருந்து பாருங்கள். கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அது நேர் ஓட்டை.

4. உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மூலைகளிலும் ஜாயின்ட்டுகளிலும் சாக்பீஸ் பொடி தூவுங்கள். தண்ணீர் வந்த பாதை பொடியில் கோடாக நிற்கும்.

5. பிறகு ஹோஸ். கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து நம்மைக் குழப்பிவிடும். ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு நிமிடம் பொறுமையாகக் காட்டுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்க வேண்டும். கதவு முடிந்ததும் மட்கார்டுக்குள் ஹோஸை நுழைத்து, டயர் எறிவது போல அடிக்க வேண்டும்.

பட்டறையில் நடந்தது

2024 நவம்பர் மழையில் ஒரு பஸ் வந்தது. முன் டயருக்குப் பின்னால் இருக்கும் முதல் டிக்கியில் கதவோரம் ஒரே ஈரம். பார்சல் நனைந்ததற்கு கிளீனர் சம்பளத்தில் 1,500 ரூபாய் பிடித்துவிட்டார்கள். கதவைச் சரியாக மூடவில்லை என்பது குற்றச்சாட்டு. "நான் பூட்டிட்டுத்தான் ஏறுனேன் மேஸ்திரி" என்று அந்த அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பேப்பர் சுற்றிலும் இறுக்கமாக வந்தது. கதவின் மேல் எவ்வளவு தண்ணீர் அடித்தும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. மேஸ்திரி என்னிடம், "தம்பி, இப்ப டயர் பக்கம் அடி" என்றார். நான்காவது நிமிடம், முன்சுவரின் அடி ஜாயின்ட்டில் பொடி கறுத்தது. தண்ணீர் தரை ஆங்கிளோடு ஊர்ந்து, சரிவு இருந்த கதவு மூலையில் போய்த் தேங்கியது. சேற்றைச் சுரண்டிப் பார்த்தால், ஒரு சாண் நீளத்துக்கு சீலன்ட் வெடித்திருந்தது. ஓனரைக் கூப்பிட்டு மறுபடி ஒருமுறை அடித்துக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பிடித்த பணத்தை அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

அடைக்கும் முறை

பழைய சீலன்ட் மேலேயே புதிதை அப்பினால் ஒரு மழைகூடத் தாங்காது. பழையதை முழுவதும் சுரண்டி, துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, தின்னரால் துடைத்து, பிரைமர் அடித்த பிறகே போட வேண்டும். தண்ணீர் வரும் வெளிப்பக்கத்திலிருந்து அடைப்பதே சரி.

பட்டி வைத்து அடைக்கக் கூடாது. ஏன் என்றால், 2 மீட்டர் நீளத்தில் 40 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு அலுமினிய ஷீட் சுமார் 1.8 மி.மீ. நீளும், இரும்பு ஆங்கிள் சுமார் 1 மி.மீ.தான் நீளும். இந்த இழுபறியில் இறுகிப்போன பட்டி வெடித்துவிடும். ரப்பர் போல வளையும் பாலியூரித்தேன் சீலன்ட்தான் ஏற்றது. அது ஒரு நாளைக்கு 2 அல்லது 3 மி.மீ. ஆழம்தான் இறுகும், அவசரப்பட்டு வண்டியை எடுக்கக் கூடாது. சாதாரண சிலிக்கான் போட்டால் அதன் மேல் பெயின்ட் ஒட்டாது.

பீடிங் அழுந்தவில்லை என்றால் உடனே புது பீடிங் வாங்க ஓடாதீர்கள். கீலும் பூட்டும் தொய்ந்திருக்கலாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். புது பீடிங் போட நேர்ந்தால் ஜாயின்ட் கீழ்ப்பக்கம் வர வேண்டும்.

முக்கியமான ஒன்று: தரையில் இருக்கும் வடிகால் துளையை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். உள்ளே தப்பி வந்த தண்ணீர் வெளியேற இருக்கும் ஒரே வழி அதுதான். கம்பி விட்டுச் சேற்றை எடுத்தால் போதும்.

வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே நேரம் ஹோஸ் அடித்துப் பார்த்த பிறகே வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

நண்பர்களே, இதற்கெல்லாம் தேவைப்படுவது ஒரு ஹோஸ், ஒரு டார்ச், கொஞ்சம் சாக்பீஸ், ஒரு துண்டு பேப்பர். நாளை நீங்கள் ஒரு டெப்போவிலோ பட்டறையிலோ சூப்பர்வைசராக நிற்கும்போது, ஆளைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைக் கேளுங்கள். அது எந்த வழியாக வந்தேன் என்று கோடு போட்டே காட்டிவிடும்.

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு