பட்டணத்தின் நீரும் மராமத்தும்

ஏரிக்கரையில் நண்டு வளையோ எலி வளையோ காணப்பட்டால், அதை உடனே மண்ணிட்டுக் கெட்டித்துவிட வேண்டும் என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். சித்திரையில் ஒரு நாழிகை வேலையாக முடிந்திருக்க வேண்டியது, கார்த்திகை மழையில் உடைப்பாகி ஊரையே அழித்துவிடும். பெரிய பட்டணங்களின் மராமத்தும் இவ்விதியை மீறியதன்று. கட்டுவது ஒருமுறை, காப்பது ஆண்டுதோறும். சென்னை இதற்குத் தக்க உதாரணமாகும்.

நீர் வரும் வழி

சென்னைக்கு நெடுங்காலமாகக் குடிநீர் அளித்துவரும் நீர்நிலைகள் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்பன. இவற்றுள் பூண்டி மாத்திரமே பட்டணத்தின் தாகம் தீர்ப்பதற்கென்று கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அமைக்கப்பட்டு, 1944-ஆம் ஆண்டில் பூர்த்தியாயிற்று. மற்ற மூன்றும் ஆதியில் கழனிகளுக்குப் பாய்ந்த ஏரிகளே. ஆகவே பட்டணத்தார் குடிப்பதும் ஏரி நீரே என்பதைக் கிராமவாசிகள் நினைவிற்கொள்ள வேண்டும்.

பூண்டியின் நீர் கால்வாய் வழியாகச் சோழவரத்திற்கும் செங்குன்றத்திற்கும் செல்கின்றது. கால்வாயில் தூர் சேர்ந்தாலும், கரை சரிந்தாலும், நிரம்பிய நீர்த்தேக்கத்தால் பயனில்லை. கரைகளையும் மதகுகளையும் முன்னர்ப் பொதுப்பணித் துறை கவனித்து வந்தது. 2021 முதல் அப்பொறுப்பு தனியே அமைந்த நீர்வளத் துறையைச் சார்ந்தது. நீரைச் சுத்தி செய்து வீடுகளுக்கு அனுப்புவது 1978-இல் ஏற்பட்ட குடிநீர் வாரியத்தின் வேலை. வீதிகளும் மழைநீர் வடிகால்களும் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளன.

நீர் தூய்மையாகும் விதம்

செங்குன்றத்திலிருந்து பட்டணத்திற்கு நீர் கொணரும் ஏற்பாடு 1872-இல் ஏற்பட்டது. ஆயினும் 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்த பின்னரே வடிகட்டிய நீர் கிடைத்தது. இவ்வகை வடிகட்டியில் நீர் மணலினூடே மெதுவாக இறங்கும்போது, மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒன்று உண்டாகி நோய்க் கிருமிகளைத் தடுக்கின்றது. அப்படலம் தடித்துவிட்டால் நீர் இறங்காது. மேல்மணலைச் சுரண்டிக் கழுவ வேண்டும். நன்மை செய்யும் பொருளுங்கூடப் பராமரிப்பின்றிக் கேடாய் முடியும் என்பதற்கு இது சான்று.

கழிவு நீர்

பயன்படுத்திய நீரை அகற்றுவதும் அவ்வளவு முக்கியமானது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் கழிவு நீர் சுத்தி செய்யப்படுகின்றது. 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் அந்நீரின் ஒரு பகுதி மேலும் சுத்தி செய்யப்பட்டுத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்படுகின்றது. அதனால் அவ்வளவு நன்னீர் குடிப்பதற்கு மீதமாகின்றது. சாக்கடைக் குழியில் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அடைப்பு நீக்குவது இயந்திரத்தின் வேலையே அன்றி, ஓர் ஏழையின் உயிரைப் பணயம் வைக்கும் வேலையன்று. குழாயில் துணியும் குப்பையும் போடாதிருப்பதே அவ்வேலையைக் குறைக்கும் முதல் உபாயம்.

வெள்ளமும் வறட்சியும்

சென்னையில் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகின்றது. ஆதலால் புரட்டாசிக்குள் வடிகால்களைத் தூர்வார வேண்டும். கூவமும் அடையாறும் கடலிற் கலக்கும் முகத்துவாரங்களில் அலைகள் மணலைக் குவித்து அடைத்துவிடுவதால், அதையும் அகற்ற வேண்டும். ஓர் இடம் அடைபட்டாலும் மேலே உள்ள வீதிகளெல்லாம் குளமாகும்.

2015 டிசம்பர் முதல் தேதியில் அளவு கடந்த மழை பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அடையாறு கரை புரண்டு பல்லாயிரம் வீடுகளிற் புகுந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழிவதற்குள், 2019-ஆம் ஆண்டுக் கோடையில், அதே செம்பரம்பாக்கம் உட்பட நான்கு நீர்நிலைகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் மூலம் நீர் கொண்டுவர நேரிட்டது. ஒரு வண்டித் தொடரில் வந்தது 25 லட்சம் லிட்டர். மிகுந்த நீரால் அழிந்த ஊரே குடத்து நீருக்கு வரிசையில் நின்றது! மழையின் மிகுதியும் குறைவும் மனிதன் கையில் இல்லை. நீர் தங்கும் சதுப்பையும், ஓடும் வழியையும் வீடு கட்டி அடைக்காதிருத்தல் அவன் கையில் உண்டு. கூரை நீரை நிலத்தில் இறக்கும் ஏற்பாடு எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அதன் தொட்டியில் சேரும் மண்ணை ஆண்டுதோறும் எடுக்காவிட்டால், அது பெயருக்கு இருக்குமேயன்றி உதவாது.

கிராமத்திற்குரிய பாடம்

பட்டணத்தில் மூன்று இலாகாக்கள் செய்யும் வேலையைக் கிராமத்தார் ஒரே ஏரியில் காணலாம். மழைக்கு முன் வரத்துக்கால் திறந்திருக்கின்றதா? மதகுப் பலகை இறங்கி ஏறுகின்றதா? கலங்கல் வழியில் முள் வளர்ந்திருக்கின்றதா? குடிநீர்க் கிணற்றருகே சாக்கடை தேங்குகின்றதா? இந்நான்கு கேள்விகளையும் ஆடி மாதத்தில் ஊர்க்கூட்டத்தில் கேட்டு, குறையுள்ள இடத்தைப் புரட்டாசிக்குள் சீர்படுத்தும் ஊர், மழையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. செலவுக்கென்று அறுவடையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைப்பதும் நலம். உடைந்தபின் கடன் வாங்கிக் கட்டுவதினும், உடையாமற் காப்பது எப்போதும் குறைந்த செலவே.